ஓரத்துச் சந்து

பள்ளிக்கூட வாசலில் கிடந்த வேகத்தடைக்குக் காலையிலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைப் போடச் சொல்லி மறியல் செய்தவர்கள் பிள்ளைகளைப் பெற்றவர்கள். பெயின்ட் காய்வதற்குள் அதை ஏமாற்றிவிட்டுப் போகிறவர்களும் அவர்களேதான். மழைத்தண்ணீர் வடிவதற்காக ஓரத்தில் ஒரு முழம் இடம் விட்டிருந்தார்கள். ஸ்கூட்டர்கள் எல்லாம் அந்தச் சந்தில் புகுந்து பறந்தன. நடந்துவரும் பிள்ளைகளுக்கும் அதுதான் வழி. இன்று ஒரு சின்னப் பெண் ஸ்கூட்டருக்குப் பயந்து சாக்கடைக்குள் குதித்துவிட்டாள். முட்டியெல்லாம் ரத்தம்.

அந்த ஸ்கூட்டர் தனசேகருடையது. மறியலுக்குத் தலைமை தாங்கியவரே அவர்தான். மகனை உள்ளே விட அவர் போனதும் வேகத்தடை வெடித்தது.

"ஏண்டா, வெட்கமா இல்லை? உங்க சார் நடுரோட்டுல உருண்டு புரண்டுதானே என்னைப் போட வச்சார்? என் மேல ஏறிப் போனா குறைஞ்சா போயிடுவார்?"

"நான் என்ன பண்ண, அண்ணே?" என்றது ஸ்கூட்டர். "பின்னாடி பிள்ளை உட்கார்ந்திருக்கான், தூக்கித் தூக்கிப் போடும்னுதான் ஓரமா போறார்."

"அப்ப சாக்கடையில விழுந்தது யார் பெத்த பிள்ளை?"

"அதைப் பார்த்து ரொம்பக் கொதிச்சுப் போயிட்டார். வண்டிக்காரனுங்க கண்ணுமண்ணு தெரியாம வர்றானுங்களாம். இன்னொரு வேகத்தடை கேட்டு நாளைக்கு மறியல்."

தனசேகர் திரும்பி வந்து வண்டியை எடுத்தார். இப்போது பின்சீட்டில் பிள்ளை இல்லை. ஆனாலும் அதே சந்தில்தான் புகுந்தார், எதிர்த்திசையில்.