மேசைக்கு அடியில் ஒரு பஸ்

முதலில் ஒரு புதிர். "உனக்கு எது பிடிக்குதோ அதை எடுத்துக்கோ" என்று சொல்வார்கள். ஆனால் பிடித்தது அங்கே இருக்காது. அது எந்த மேசை?

யோசித்துக்கொண்டே படியுங்கள்.

தென்கொரியாவின் தேகு நகரில் ஒரு விருந்து மண்டபம். குட்டிப் பையன் ஹா-ரமுக்கு அன்று முதல் பிறந்தநாள். மேடையில் ஒரு தாழ்வான மேசை. அதன்மேல் நூல்கண்டு, பென்சில், பணக்கட்டு, நீதிபதியின் சுத்தியல், ஸ்டெதஸ்கோப். முதல் பிறந்தநாளில் குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

குழந்தையின் சித்தி தா-யுன் ஒரு பச்சை நிறப் பொம்மைப் பஸ்ஸைக் கொண்டுவந்து ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவளுடைய அப்பா பியோ அதைச் சட்டென்று எடுத்து மேசைக்கு அடியில் தள்ளினார்.

"அது பரிசுப்பா. கி-தே கொடுத்து அனுப்பினது."

"யாருன்னு தெரியுது. அந்தப் பேரை இங்க சொல்லாதே. உங்க அக்காவோட மாமியார் வீட்டுக்காரங்க முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க."

"பிறந்தநாள் அன்னிக்குப் பேசிக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பதிலுக்காக அவர் வீட்டுல காத்துக்கிட்டு இருக்காங்கப்பா."

"பதில்தானே? கேட்டுக்கோ. உன்னை டாக்டர் பட்டம் வரைக்கும் படிக்கவெச்சது, பன்னிரண்டாவதோட நிறுத்திட்டு டவுன் பஸ் ஓட்டறவனுக்குக் கட்டிக்கொடுக்க இல்ல."

"என்னைவிட அவருக்குத்தான் சம்பளம் அதிகம்."

"சம்பளத்தை யார் கேட்டா? மாப்பிள்ளை என்ன பண்றார்னு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்வேன்? எந்த நம்பர் பஸ்ஸுன்னு சொல்லட்டுமா?"

"முந்நூத்தி ஆறுன்னு சொல்லுங்க."

பியோவின் காதுமடல் சிவந்தது. வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

"நான் கொண்டுவந்த வரனுக்கெல்லாம் என்னடி குறைச்சல்?"

"அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. என் பட்டத்தைப் பார்த்துட்டு, 'இவ்வளவு படிச்ச பொண்ணு வீட்டுக்கு அடங்குமா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கு நான் ஜாஸ்தி. உங்களுக்குக் கி-தே கம்மி. எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் அளவு சரியா இருக்கு."

"சத்தம் போடாதே!" என்று அவர்தான் சத்தம் போட்டார்.

மூத்த மகள் சோ-ரா, வண்ணப் பட்டுடுப்பு போட்ட குழந்தையை இடுப்பில் சுமந்தபடி வந்தாள். மேடையில் அவள் கணவனுக்குப் போட்டிருந்த நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது.

"இதோ, உங்க அக்காவைப் பாரு. நல்ல குடும்பம், பெரிய சர்ஜன். அவ என்னிக்காவது என்னை எதிர்த்துப் பேசியிருக்காளா? மாப்பிள்ளை இன்னும் வரலியாம்மா?"

"ஆபரேஷனாம்ப்பா."

"பெருமையாச் சொல்லு!"

"பெருமைதான். இவன் அவரைப் பார்த்தாலே யாரோ வேத்தாளுன்னு அழறான்."

பியோவின் காதில் அது விழவில்லை. வார நாளெல்லாம் குழந்தை அவரிடம்தான் வளர்கிறது. அதன் கன்னத்தைத் தட்டினார்.

"கவலையே இல்ல. ஒரு மாசமா வீட்டுல வெச்சுப் பார்த்துட்டேன். எத்தனை பொருள் வெச்சாலும் என் பேரன் கை ஸ்டெதஸ்கோப்புக்குத்தான் போகுது. ரத்தத்துலயே இருக்கு! தா-யுன், நீயும் பார்த்துக்கோ. நல்லது எதுன்னு ஒரு வயசுக் குழந்தைக்கே தெரியுது. உனக்குத்தான் முப்பத்திநாலு வயசாகியும் தெரியல."

"அப்போ அந்தப் பஸ்ஸும் மேசையில இருக்கட்டுமே. எதுக்குப் பயப்படறீங்க?"

"அது அங்க இருக்கக் கூடாது!"

முன்வரிசையில் சம்பந்தியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பியோ அவளைப் பார்த்துச் சிரித்தார். அப்படியே மகளிடம் பல்லைக் கடித்தபடி சொன்னார்: "இன்னிக்கே முடிவு பண்ணிக்கோ. அந்த டிரைவர்தான் வேணும்னா, எனக்கு ஒரே மகள்னு நினைச்சுக்கறேன்."

நிகழ்ச்சி நடத்துபவர் மைக்கைத் தட்டினார். "எல்லாரும் தயாரா? ஹா-ரம் குட்டி எதை எடுக்கப் போறாரு? சட்டமா, மருத்துவமா, பணமா?"

"மருத்துவம்!" என்று மண்டபமே கத்தியது.

சோ-ரா குழந்தையை மேசைக்கு முன்னால் இறக்கிவிட்டாள். அது பணத்தைப் பார்க்கவில்லை. சுத்தியலைப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்தது.

ஒரே கைதட்டல். சம்பந்தியம்மாள் எழுந்து நின்று தட்டினாள். பியோவின் கண்கள் கலங்கிவிட்டன.

குழந்தை ஸ்டெதஸ்கோப்பைக் கீழே போட்டது. தவழ்ந்து தாத்தாவிடம் போய், அவருடைய கோட்டுப் பையைப் பிடித்து இழுத்தது. வாயை ஆவென்று திறந்து காத்திருந்தது.

பியோ பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குழந்தை வீறிட்டு அழுதது. இன்னும் பலமாக இழுத்தது. பையிலிருந்து நாலைந்து அரிசிப்பொரி வில்லைகள் மேடையில் சிதறின.

கைதட்டல் அங்கங்கே நின்றது.

"கொடுங்கப்பா," என்றாள் சோ-ரா. மைக் பக்கத்திலேயே இருந்தது. "சொன்னதை எடுத்தா கொடுக்கணும் இல்லையா? நான் சர்ஜனை எடுத்தப்போ எனக்கு அடுக்குமாடி வீடு கொடுத்தீங்களே."

குழந்தை ஒரு வில்லையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தியது.

தா-யுன் குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த பஸ்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.