சக்கரம் உருட்டிய ஊர்

“இடமாற்றப் படிவத்துல எந்த ஊர் போட்டீங்க?”

“இதே ஊர்தான். வேற எதைப் போடுவேன்?”

போன மாதம் கட்டிலில் படுத்தபடி, போனை நெஞ்சின் மேல் கவிழ்த்துவிட்டுக் கணவன் சொன்னது இது. இன்று வந்த உத்தரவிலோ, பத்து மணி நேரப் பயணத்துக்கு அப்பால் ஓர் ஊர்.

“படிவத்தை எழுதினது யாரு? இவதான்!” கூடத்தின் நடுவில் நின்று கத்தினான். “நான் ஒரு ஊரைத் தொட்டா, இவ பட்டியல் வேற ஊரை எடுத்துக்குது!”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவருக்கும் ஒரே நிறுவனம்தான். அவன் கிடங்கு மேற்பார்வையாளன். அவள் வீட்டிலிருந்தே அதன் இணையப் படிவங்களுக்கு நிரல் எழுதுபவள்.

“ஏம்மா, கட்டினவனையே நாடு கடத்திட்டியா?” என்று அவன் அண்ணி சிரித்தாள்.

“சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடும்மா. தம்பி எங்கயும் போக வேண்டாம்” என்றார் அண்ணன்.

அவள் விருட்டென்று திரைச்சீலையை விலக்கித் தங்கள் அறைக்குள் போனாள். கல்யாணமாகி நான்கு வருடமாக அந்த அறைக்குக் கதவு அந்தத் துணிதான்.

கோளாறு அவளுக்குத் தெரிந்ததே. ஒரு பழைய பிரவுசரில் மட்டும், ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு பக்கத்தை நகர்த்த மவுஸின் சக்கரத்தை உருட்டினால், தேர்வும் கூடவே உருண்டு வேறு ஊருக்குப் போய்விடும். “அதை இப்ப யாரு வெச்சிருக்கா?” என்று மேலாளர் திருத்தவே விடவில்லை. பாவி மனுஷன்!

பல்லைக் கடித்துக்கொண்டு கணவனின் பதிவைத் திறந்தாள். அவன் நிரப்பியது பழைய பிரவுசரில் இல்லை. போனில்.

போனில் பட்டியல் திரை முழுக்க விரியும். ஊரைத் தொட வேண்டும். ‘உறுதிதானா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ அழுத்த வேண்டும். அழுத்தியிருந்தான்.

அவன் உள்ளே வந்ததும் பாய்ந்தாள். “போன்ல ஏதுங்க சக்கரம்? தெரிஞ்சே போட்டுட்டு, பழியை என் தலையில கட்டுறீங்களா? என்னை விட்டுட்டு ஓடணும்னா நேராச் சொல்றதுதானே!”

அவன் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினான். திரைச்சீலைப் பக்கம் திரும்பி, “இன்னும் தேடுறா அண்ணே! எப்படி மாறிச்சுன்னே தெரியலையாம்!” என்று கத்தினான்.

பிறகு அவள் காதருகே குனிந்தான்.

“அண்ணன்கிட்ட கேக்கத் தைரியமில்ல... நீயும் வாயேன், அங்க கதவு வெச்ச வீடா ஒண்ணு பாப்போம், நமக்கு மட்டும்.”