சபை மாற்றுக் கடிதம்

ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த போதகரிடம், தனக்கு ஒரு சபை மாற்றுக் கடிதம் வேண்டும் என்று அவள் கேட்டாள்.

அவர் உடனே திரும்பவில்லை. அங்கியை ஆணியில் மாட்டினார். மடிப்பைச் சரிசெய்தார். பிறகுதான் எந்தச் சபைக்கு என்று கேட்டார்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லுத்தரன் சபைக்கு என்றாள். இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய இடம்.

காரணம் கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். மருத்துவமனையில் இரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. வலிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள். இங்கேயும் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள்.

விவாகரத்து ஆகி இரண்டு வருடம். வழக்கு முடிந்தபோது வீடு அவளுக்கு, சேமிப்புப் பணம் அவனுக்கு என்று ஆனது. சபை யாருக்கு என்று எந்த வக்கீலும் கேட்கவில்லை.

அதை அவர்களே பிரித்துக்கொண்டார்கள். காலை ஏழரை ஆராதனைக்கு அவன் வந்தான். பத்து மணிக்கு அவள் வந்தாள். பேசி வைத்துக்கொண்டதல்ல, தானாக அமைந்தது. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பகலில் எந்தக் கட்டடத்திலிருந்தும் கூப்பிடுவார்கள் என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுடைய அம்மா மட்டும் இரண்டு ஆராதனைக்கும் வந்தார். முதலாவதில் மகன் பக்கத்தில் உட்காருவார், இரண்டாவதில் மருமகள் பக்கத்தில். ஒரே பிரசங்கத்தை இரண்டு தடவை கேட்கும் அந்த அம்மாவுக்காகவே போதகர் பத்து மணிக்கு வேறு நகைச்சுவை தேடவேண்டியிருந்தது.

போன மாதம் ஆள் குறைந்துபோய், இரண்டு ஆராதனையையும் ஒன்றாக்கினார்கள்.

முதல் ஞாயிறு, ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில், சபையார் அவர்கள் இருவருக்கும் நடுவே சுவர் மாதிரி நின்றுகொண்டார்கள். நல்லெண்ணத்தில்தான்.

இரண்டாவது ஞாயிறு சபை விருந்து. கரண்டி அவள் கையில் இருந்தது. வரிசையில் தனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கும்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் பசி தாங்கமாட்டான்.

போன ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்து. வலதுபக்க நடையிலிருந்து அவளும் இடதுபக்க நடையிலிருந்து அவனும் வந்து பீடத்தின் முன் மண்டியிட்டார்கள். இருவருக்கும் இடையில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. நெருங்கி வாருங்கள் என்று, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை கைகாட்டினார்.

அவன் எழுந்தான். அப்பமும் வாங்காமல், கிண்ணமும் தொடாமல், நேராக வாசலைப் பார்த்து நடந்தான்.

இன்றைக்கு அவன் வரவே இல்லை.

"அவரு பொறந்ததுலேர்ந்து இந்தச் சபைதான், ஐயா. நான் கல்யாணமாகி வந்தவ. என்னால அவரு திருவிருந்து வாங்காமப் போகக் கூடாது. போறதுன்னா நான்தான் போகணும்."



போதகர் மேசையோரமாக உட்கார்ந்தார். வெளியே கூடத்தில் தேநீர்க் கோப்பைகள் சத்தமிட்டன. யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். அவர் தலையைத் தடவிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதம் எழுத மனமில்லையோ, புத்தி சொல்லப் போகிறாரோ என்று அவள் நினைத்தாள்.

"வியாழக்கிழமையே அவரு மாற்றுக் கடிதம் வாங்கிட்டுப் போயிட்டாரும்மா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நீங்க இப்படி வந்து நின்னப்புறம் சொல்லாம இருக்க முடியல."

எந்தச் சபைக்கு என்று கேட்டாள்.

அக்கரைச் சபைக்குத்தான். இந்தச் சபையை விட்டால் நகரத்தில் இருக்கும் லுத்தரன் சபை அது ஒன்றுதான்.

அவள் கேட்டதை அவர் எழுதிக் கொடுத்திருந்தால், வருகிற ஞாயிறு இருவரும் அங்கே நேருக்கு நேர் நின்றிருப்பார்கள். போதகருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

என்ன காரணம் சொன்னார் என்று அவள் கேட்டாள்.

போதகர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, அவன் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

"'போன ஞாயித்துக்கிழமை அவ எந்திரிக்கப் பாத்தா, ஐயா. நான் முந்திக்கிட்டேன். ஒவ்வொரு வாரமும் முந்த முடியாது. அவளுக்கு இந்த ஊர்ல சபையை விட்டா யாரு இருக்கா?'"

அவள் தலையசைத்தாள். மருத்துவமனையில் நோயாளிகள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும்போது அசைப்பது போலத்தான் அசைத்தாள். நன்றி சொல்லிவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் மாமியார் தன் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார். அவளைக் கண்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தேநீர் ஆறிவிட்டது, வேறு வாங்கி வரட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

மகன் வியாழக்கிழமை கடிதம் வாங்கியபோது அந்த அம்மாவும் கூட வந்து, இதே அறை வாசலில்தான் காத்திருந்தார். அவன் இன்று காலை ஏழு மணிப் பேருந்தில் அக்கரைக்குப் போனான். ஏற்றி அனுப்பிவிட்டு, நேரே இங்கே வந்துவிட்டார்.