பெயரில்லாத கதவு

ஜெசிந்தாவின் வீட்டில் கைப்பிடியே கிடையாது. அடுப்பு, குழாய், வாசல் கதவு எல்லாமே கண்ணாடித் திரை. அதில் வெறும் படங்கள். கண் தெரியாத அவள் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்து, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் தன் திரைவாசிப்பானைச் சிறு நிரல்கள் எழுதிப் பழக்கியிருந்தாள். கதவுக்கு மட்டும், அவசரத்தில், பெயருக்குப் பதில் 'மேலிருந்து இரண்டாவது' என்று இடத்தை எழுதி அப்படியே விட்டுவிட்டாள்.

இன்று கம்பெனி அனுப்பிய புதிய வாசிப்பான் அத்தனை பெயர்களையும் வாங்கிக்கொண்டு பழையதை அழித்தது. அடுப்பு பேசியது, குழாய் பேசியது. கதவு பேசவில்லை. வாசிப்பான் சொல்லாத இடத்தைத் தொட்டால் கண்ணாடி ஏற்காது; கதவு திறக்காது.

கம்பெனி ஆள் இர்ஃபான் வாசலுக்கு வெளியே வந்து நின்றான்.

"இது இடத்தைப் பாக்காது மேடம், பேரைத்தான் பாக்கும்."

"அப்ப இப்பவே பேர் வெச்சுடறேன்."

"கண்ணு தெரிஞ்சவங்க உள்ள வந்து, பாத்துதான் வெக்கணும். ரூல் அப்படி."

"வாயேன்ப்பா. யார் வேணாங்கறது?"

அவன் வெளியிலிருந்து கதவைத் தட்டினான். சத்தம் வந்த இடத்தில் அவள் உள்ளங்கையைப் பதித்தாள்.

"கவனம்," என்றது புதிய வாசிப்பான், கனிவாக. "நீங்கள் சுவரில் கை வைத்திருக்கிறீர்கள்."