பெயர் சொல்லிக் கூப்பிடும் பெட்டி

இன்று முதல் இந்நாட்டில் ஓர் இதயமும் தாளம் தவறக் கூடாது என்று சுகாதார அமைச்சர், கழுத்து நிறைய மாலைகளோடு, ஆணையிட்டார். உடனே இதயத் துடிப்புக் கோளாறுள்ள ஒவ்வொருவர் வீட்டுக்கும், செத்துப்போன சொந்தக்காரரின் குரலில் பேசும் மாத்திரைப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது.

தெய்வானையின் பெட்டியில் பேசியது அவள் புருஷன் சிங்காரவேலு. உயிரோடு இருந்தவரை "இந்தா", "ஏய்" என்பதைத் தாண்டி அவளைக் கூப்பிட்டறியாத மனிதர்.

"தெய்வானை, மாத்திரை போட்டியா?"

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மாத்திரையைக் கையில் எடுத்தாள், விழுங்கவில்லை. விழுங்கிவிட்டால் பெட்டி வாயை மூடிக்கொள்ளும்.

"தெய்வானை, நேத்தும் போடலை. அதுக்காக இப்ப ரெண்டா போட்டுடாதே. ஒண்ணு போதும்."

"இந்தக் கரிசனத்தையெல்லாம் அப்ப எங்கே ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

நெஞ்சுக்குள் ஏதோ தாறுமாறாகச் சிறகடித்தது. பெட்டி தகவல் அனுப்பிப் போட்டுக்கொடுத்ததில் மகள் போனில் கத்தினாள்: "அம்மா, அது அப்பா இல்லை, மெஷின்! முதல்ல முழுங்கு!"

"தெரியும்டி. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும்" என்றாள் தெய்வானை. சொல்லும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாத்திரை கைநழுவி உருண்டது, அவளும் சரிந்தாள்.

பெட்டி, அதே குரலில், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது.