டார்ச் கண்டுபிடித்த ஒழுகல்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெளியே விடாத தூறல். பார்வையற்ற பூங்கோதை, சிங்க்குக்கு அடியில் ஒழுகும் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்ய ஸ்பேனரோடு தரையில் அமர்ந்தார். கருவிப்பெட்டியில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்த டார்ச்சுக்கு, இன்றும் உதவாவிட்டால் தன்னைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவார்களே என்று பயம். தானாகவே எரிந்தது.

"ஸ்பேனர் அண்ணே, கீழ் நட்டுலதான் சொட்டுது! அங்கே திருகுங்க!"

"பொறுடா, அம்மா இன்னும் தொட்டே பார்க்கல."

பூங்கோதை குழாயைத் துடைத்து, சிங்க்கில் சிறிது நீர் ஊற்றி, மேலிருந்து விரலால் தடவிவந்தார். மேல் நட்டிலேயே விரல் நனைந்தது. அங்கே கசிந்த நீர்தான் குழாயோடு வழிந்து கீழே சொட்டியிருக்கிறது. ஸ்பேனரால் அந்த நட்டைக் கழற்றி, உள்ளிருந்த ரப்பர் வாஷரைத் தடவிப் பார்த்தார்.

"போன வாரம் வாஷரைத் தலைகீழா மாட்டின மகராசி நான்தானே!" என்று சிரித்துக்கொண்டே திருப்பிப் பொருத்தினார். ஒழுகல் நின்றது.

"இவ்வளவு வெளிச்சம் போட்டும் எனக்குச் சொட்டு மட்டும்தான் தெரிஞ்சுது," என்று முனகி அணைந்தது டார்ச்.

மறுநாள் காலை பூங்கோதை நிம்மதியாகப் பாத்திரம் துலக்கினார். ஸ்பேனர் பெட்டியில் தூங்கியது. டார்ச், ஜன்னலில் காயவைத்த கைக்குட்டை பறக்காமலிருக்க அதன்மேல் படுத்திருந்தது. பேட்டரி உள்ளே இருந்ததால் கனம் போதுமானதாக இருந்தது.