எதிரே வராதவள்

ஸ்ட்ரெச்சர் வராந்தா முனையில் திரும்பியதும் அன்னக்கொடி சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

படுத்திருந்த முத்திருளன் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். "எங்கடா உன் மதினி?" என்று தம்பியிடம் கேட்டான்.

சுருளி தூணருகே ஓடிவந்தான். "மதினி, வயித்தைக் கிழிச்சுப் பாக்கப் போறாக. பொழச்சு வந்தா உண்டுன்னு டாக்டரே கைய விரிச்சுட்டாரு. ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டுங்க."

"நான் வரலப்பா."

"இந்த நேரத்துலயுமா கோவம்?"

"கல்லு மனசுக்காரி" என்று முணுமுணுத்தபடி நர்ஸம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஆபரேஷன் ரூம் கதவு சாத்திக்கொண்டது.

கோபமா? அவளுக்கா?

கல்யாணமான புதுசு. திருமங்கலத்துத் தோப்புக்குச் சீட்டாடக் கிளம்பிய புருசன் எதிரே வெறுங்குடத்தோடு வந்துவிட்டாள். அன்றைக்கு அவன் உழவு மாட்டை வைத்துத் தோற்றான். "உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போனா விளங்குமா?" என்றான். அதிலிருந்து அவன் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டாலே கொல்லைக்குப் போய் நின்றுகொள்வாள்.

ஜெயித்த நாளில், "நீ எதுக்க வரல, பாத்தியா?" என்று மல்லிகைப் பூவோடு வருவான். தோற்ற நாளில், "எங்கிட்டாச்சும் உன் நெழலு பட்டிருக்கும்" என்பான். தோற்ற நாள்தான் அதிகம். ஆனால் அவள் மனசில் நின்றதென்னவோ பூ வந்த நாட்கள்தான்.

காடுகரையெல்லாம் போனபின், வயிற்றுவலி வந்து படுத்துத்தான் அவன் சீட்டை விட்டான். அவன் எங்கே கிளம்பினாலும் ஒளிந்துகொள்வதை மட்டும் அவள் விடவில்லை.

வெயில் சாயும்வரை தூணோடு தூணாக நின்றாள். சுருளி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"பொழச்சுட்டாரு மதினி."

அன்னக்கொடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு முழிச்சதுமே உங்களத்தேன் கேட்டாரு. வாங்க."

"அவரு எந்திரிச்சு நடக்கட்டும்ப்பா. நான் ஊருக்குப் போறேன்."

சுருளி அவள் பக்கத்தில் குந்தினான். "அண்ணன் அழுகுறாரு மதினி. 'அவ மூஞ்சி என்னடா பாவம் பண்ணுச்சு? தோத்துட்டு வந்தா யாரு மேலயாச்சும் பழியப் போடணும்ல. அம்புட்டும் நான் சொன்ன பொய்யி'ன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."

அவள் வார்டு வாசலையே பார்த்தாள். எழுந்து ஓரடி வைத்தாள். நின்றாள். நழுவிய முந்தானையை மறுபடி முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"பொய்யின்னா, அவரு எப்படிப்பா பொழச்சாரு?"